பஞ்சுக் கிடங்குக்குப் பூக் கேட்டது

எங்கள் பஞ்சுக் கிடங்கில் சித்திரை வெயிலுக்கும் மின்விசிறி தேவைப்படாது, இன்ஸ்பெக்டர் ஐயா. சுண்ணாம்புக் காரைச் சுவரின் குணம் அது.

எங்கள் ஊர் மண்ணரையில், வீட்டுக்குப் பின்னால் தாத்தா கட்டியது. நிலைக்கு மேல் 1911 என்று செதுக்கியிருக்கும். தறியை விட்டுப் பனியன் கம்பெனி வைத்தபிறகு அது சும்மா கிடந்தது. ஆள் புழங்காத கட்டடம் சீக்கிரம் உட்கார்ந்துவிடும். அதனால்தான் எங்களிடம் டெய்லராக இருக்கும் குருசாமியை, மனைவி பாண்டியம்மாள், எட்டு வயது மகள் ஆஷாவோடு அங்கே குடிவைத்தேன். சாத்தூர்ப் பக்கத்து ஜனங்கள். வாடகை கேட்கவில்லை. சாயங்காலம் ஒரு விளக்கு எரிந்தால் போதும் என்றேன்.

இந்த 2005 ஆவணியில் மேற்குச் சுவர் வயிறு தள்ளியது. கொத்தனார் பொங்கியண்ணன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஐப்பசி மழை தாங்காது என்றார். என் அண்ணன் சிவசுப்பிரமணியம் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

"உள்ள ஆளு குடியிருக்குது, சண்முகா. மழைக்கு முந்தி இடிச்சுப் போடோணும். அவீங்களுக்கு வேற ஊடு பாத்துக் குடுத்தர்லாம்."

இடிப்பதென்றால் அரை நாள் வேலை. எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் ஆசை. பிள்ளையில்லாத எனக்கு அதுதான் ஆறுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் என் பேச்சைக் கேட்கமாட்டார். முருகன் பேச்சைத் தட்டமாட்டார். பூக் கேட்டுவிடலாம் என்றேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் மடித்துச் சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் பழுது பார்ப்பது, சிவப்பு வந்தால் இடிப்பது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அது சாமியைச் சந்தேகப்படுவது. பூவை நான் மடித்தேன். ஆஷா எடுத்தாள். வெள்ளை.

பாண்டியம்மாள் சந்நிதியிலேயே விழுந்து கும்பிட்டார். அண்ணன் இடிக்கும் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

பழுது பார்க்க நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த ஆள் கிடைக்க வேண்டும். சிமெண்ட் பூசினால் பழைய சுவர் மூச்சடைத்துப் போகும். அதுவரை மரத்தால் முட்டுக் கொடுக்கலாம் என்றார் பொங்கியண்ணன். காரையில் தழும்பு விழும் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி முதல் வாரம் பாண்டியம்மாள் வந்தார்.

"மொதலாளி, செவுத்து வெடிப்புக்குள்ள என் கைவெரலு போகுது. புள்ளய வச்சுக்கிட்டுப் பயமா இருக்கு."

"சாமியே உத்தரவு குடுத்திருச்சுங்க அம்மிணி, அப்பறம் என்னங்க பயம்?" என்றேன்.

அவர் சமாதானமாகிப் போனார். மறுநாள் பார்த்தேன், வெடிப்பு நெடுகத் திருநீறு பூசியிருந்தது. ஈரத்துணியால் நானே துடைத்துவிட்டேன்.

நான்கு நாள் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. குருசாமி கறி வாங்கப் போயிருந்தார். பாண்டியம்மாள் மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாராம். மேற்குச் சுவர் வெளியே சாய, உத்திரமும் ஓடும் உள்ளே இறங்கின. தேக்கு உத்திரம், ஐயா. அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் ஒடியவில்லை.

குருசாமி யாரையும் குறை சொல்லவில்லை. "சாமி சொன்னதத்தான கேட்டோம்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அண்ணன்தான் அன்றிலிருந்து கோயில் வாசலை மிதிப்பதில்லை. முருகன் பொய் சொல்லிவிட்டான் என்று தெருவில் நின்று திட்டுகிறார். என்னால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதற்காகத்தான் நானாகவே வந்தேன்.

முருகன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பொட்டலத்திலும் நான் நந்தியாவட்டைதான் மடித்தேன். அந்தப் பிள்ளை எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். சுவர் நிற்காது என்று பொங்கியண்ணன் சொன்ன அன்றே எனக்கும் தெரியும். ஆனால் ஆள் குடியிருக்கும்வரை அண்ணன் கடப்பாரையைத் தொடமாட்டார்.

எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. மீதியையும் இடிக்க நாளைக்கு ஆள் வருகிறது. வேண்டாமென்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள். கிழக்குச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. மேலே நாலு தகரம் போட்டால் ஒரு பக்கம் தேறிவிடும். குருசாமி இப்போது ஒற்றை ஆள்தானே, அவருக்கு அது போதும்.