தென்னைக்கு அடியில் திமிங்கலம்

நாகூர் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் யூரியாவுக்கு வரிசை. எனக்கு முன்னால் நின்ற தோப்புக்காரர், அவருக்கு முன்னால் நின்ற அம்மாளிடம் சாதாரணமாகச் சொன்னார்:

"என் தென்னைக்கு உரம் வேணாம்க்கா, நெல்லுக்குத்தான். தென்னைக்கடியில திமிங்கலம் கிடக்கு."

"என்ன தம்பி சொல்றீங்க!"

"குட்டை ரகம்க்கா. டிராக்டர் பெட்டியிலயே அடங்கிடுச்சு. செத்துக் கரை ஒதுங்குனதை ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒண்ணு கொண்டாந்து, சதை மக்கணும், புதைக்க இடம் குடுங்கன்னு கேட்டுச்சு. குடுத்து ரெண்டு வருஷமாச்சு. பத்து வருஷமாக் காய்க்காத மரம், இப்பக் குலை தாங்கல. நாளைக்கு வந்து எலும்பைத் தோண்டுறேங்குது."

"முடியாதுன்னுடுங்க."

"பாவம்க்கா. இந்த ரகத்தை உயிரோட பார்த்தவங்களே கம்மியாம். அந்தப் பொண்ணே பார்த்ததில்லையாம். இந்த எலும்பை வச்சுத்தான் படிப்பையே முடிக்கணுமாம்."

"பார்க்காததையா படிக்குது?"

"எம் மவன் காலேஜையே பார்க்காம டிகிரி வாங்கலையா?"

அப்போது அவருடைய போன் அடித்தது. அந்தப் பெண்தான்.

"தோண்டிக்கங்கம்மா, வேரை மட்டும் வெட்டிடாதீங்க... என்னது, பல்லு உதிர்ந்து கிடக்குமா? மண்ணையும் மூட்டை கட்டிட்டுப் போய்ச் சலிக்கணுமா? அதெல்லாம் ஆகாதும்மா. சல்லடை நான் தர்றேன், தோப்புலயே சலிச்சுக்கங்க. எலும்பும் பல்லும் உங்களுக்கு, மண்ணு எனக்கு."

போனை வைத்ததும் அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, சலிச்ச மண்ணுல ரெண்டு கூடை எனக்கு. எங்க வீட்டு முருங்கை பூவோட நின்னுடுது."

"சும்மா இருங்கக்கா. வரிசை பூராக் கேட்டுடப் போவுது."

அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் கேட்டுவிட்டார்: "அண்ணே, தோப்பு எந்தப் பக்கம்?"