மில்லுக்கே போய்க் கேட்டவன்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்த பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் அலுப்போடு சொன்னார்:

"பொண்ணு பாக்க வர்றவங்க, எம் பையன் லீவுல வந்திருக்கானான்னு மொதல்ல கேட்டுக்கிறாங்க. வந்திருக்கான்னா அவங்க வர்றதில்ல."

"மெட்ராஸ்ல பத்திரிகைப் படிப்புப் படிக்கிறானே, அவனா?"

"அவனேதான். பி.ஏ. முடிச்சதும் வாத்தியார் வேலைக்குப் போடான்னேன், கேக்கல. எதையும் நேர்ல போய் விசாரிக்கணும்னு அங்க சொல்லிக் குடுக்கிறாங்களாம். வைகாசியில ஒரு வரன் வந்துச்சு. மாப்பிள்ளை மில்லுல சூப்பர்வைசர்னு தென்னூர்ச் சொந்தக்காரங்க சொன்னாங்க. அது போதும்னு நாங்க தட்டு மாத்த உக்காந்துட்டோம். இவன் மில்லுக்கே போய்க் கேட்டுட்டு வந்து, அத்தனை பேரு எதிர்லயும் மாப்பிள்ளையப் பாத்து, 'உங்களை வேலையை விட்டு அனுப்பிட்டாங்களாமே?'ன்னுட்டான்."

பஸ் காவேரிப் பாலத்தில் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்தது.

"நெசந்தானுங்களா?"

"நெசந்தான். பொய்யா இருந்தா மன்னிப்புக் கேட்டு முடிச்சிருப்பேன். நெசத்துக்கு எப்படிங்க மன்னிப்புக் கேக்கிறது?"

"பொண்ணு தப்பிச்சுதுன்னு நெனைச்சுக்குங்க."

"நான் நெனைச்சுக்கிறேன். அடுத்த வரன்காரன் நெனைக்கணுமே."

"பொண்ணு என்ன சொல்லுது?"

பெரியவர் வெளியே ஆற்று மணலைப் பார்த்தார்.

"அண்ணன் படிக்கிறதையே தானும் படிக்கணுங்குது."