நின்றுபோன பாதுகாப்பு ஆப்

“என் போனுல பாதுகாப்பு செத்துப்போச்சுக்கா. இனிமே நான் எங்க இருக்கேன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

தர்மபுரியிலிருந்து காரிமங்கலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒரே துணிக்கடையில் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள். இதைச் சொன்னவள் இளையவள். பாதுகாப்புக்கு என்று அவள் கணவர் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாராம். அவள் போகிற இடமெல்லாம் அவருக்குத் தெரியுமாம்.

“அது ஏன் நின்னுச்சு?” என்றாள் மூத்தவள்.

“பேட்டரி சேவர் போட்டா, பின்னாடி ஓடற ஆப்பையெல்லாம் போனே நிறுத்திடுதுக்கா. செட்டிங்ஸ்ல போயி இதுக்கு மட்டும் சேவர எடுத்துவுட்டு, லொகேசனுக்கு அனுமதி குடுத்தா மறுபடி ஓடும். ரெண்டு நிமிச வேலை.”

“தெரிஞ்சும் ஏன்டி பண்ணல?”

“எங்கம்மா வூட்டுக்குப் போறப்ப பூக்கடையில பத்து நிமிசம் நின்னேன். யாரப் பாத்தேன்னு கேக்கறாரு. பண்ண மாட்டேன்க்கா.”

அப்போது அவள் போன் அடித்தது. எடுத்தவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“பஸ்லதாங்க வரேன். ஆமாங்க, ஆப் நின்னுபோச்சு. சரி பண்ணத் தெரியும். மொதல்ல உங்க போனுலயும் அதப் போடுங்க. நீங்க போற எடமும் எனக்குத் தெரியட்டும். அப்புறம் ரெண்டையும் ஒண்ணா ஓட வுடலாம்.”

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போனைப் பைக்குள் வைத்தாள்.

“என்னடி சொன்னாரு?”

“யோசிச்சு சொல்றாராம்க்கா.”