கம்ப்யூட்டரில் நகர்ந்த தோப்பு

"என் தென்னந்தோப்பு தானா நடந்து காட்டுக்குள்ள போச்சாக்கும்?"

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த கூமாப்பட்டிக்காரர் இப்படிச் சத்தம் போட்டார். ஒட்டுக்கேட்பது என் வழக்கமில்லை. அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. காட்டு நிலத்தில் மரம் வைத்திருக்கிறாய், வெட்டி எடு என்று அவருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பக்கத்தில் அவர் தம்பி மகன். நிலங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆபீசில் வேலை பார்ப்பவன்.

"கோவப்படாதீய பெரியப்பா. உருண்டை பூமிய மேப்புல தட்டையா விரிக்கணும்லா? பழைய மேப்பு ஒரு விதமா விரிச்சது. செல்போன் காட்டுறது வேற விதம். எது எந்த விதம்னு குறிக்காம ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டோம். அதான் தோப்பு மேக்க தள்ளி விழுது."

"தள்ளிவிட்டது நீங்க, நோட்டீஸ் எனக்கா? நான் தண்ணி சுமந்து ஊத்துன மரம்லே அது!"

"திருத்துற வரைக்கும் வெட்டிராதீய. கம்ப்யூட்டர்ல நம்ம ஊரே நகந்துதான் கிடக்கு."

"ஊரேவா? அப்ப எனக்குக் கிழக்க இருக்க என் மச்சினன் தோப்பு?"

"அது இப்ப உங்க இடத்துல நிக்கும்."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எம்புட்டு வருசமா என் வரப்ப அரிச்சுப் பாத்தான். ஒரு முழம் எடுக்க முடியல அவனால. நீங்க உக்காந்த இடத்துலயே மொத்தத் தோப்பையும் தூக்கிக் குடுத்துட்டியளே!"