மன்னரின் வலது கை

படம் வரைகிறவனுக்குக் கைதான் பெரிய தொல்லை, நீதிபதி ஐயா. முகத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம். அதுவும் மன்னரின் முகம் என்றால் தாடையை இரண்டு விரல் சுருக்கிவிட்டால் போதும், அப்படியே இருக்கிறது என்பார்கள்.

நம் மன்னருக்கு மூட்டுவாதம். வலது கை வீங்கிக் கிடக்கிறது. செங்கோல் பிடிக்க வேறொரு கை வேண்டுமென்று கோபன்ஹேகன் முழுக்கத் தேடி லௌரிட்ஸைப் பிடித்தேன். கையுறை தைக்கிறவன். அவன் கை அப்படி ஓர் அழகு. ஊசி பிடித்துப் பிடித்துச் சுண்டுவிரல் மட்டும் லேசாக வளைந்திருக்கும். அரச அங்கி, மோதிரம் எல்லாம் மாட்டி நாள் முழுக்க உட்காரவைப்பேன். "ராஜாவா இருக்கறது இவ்வளவு நோவுன்னா, எனக்குக் கையுறையே போதும் ஐயா" என்பான். தமாஷான ஆள்.

பன்னிரண்டு நகரங்களுக்குப் பன்னிரண்டு படம் என்பது உத்தரவு. மூன்றாவது முடிந்ததும், மனைவி கிர்ஸ்டினோடு ஆர்ஹூஸுக்குக் குடிபோவதாகச் சொன்னான். "கை நடுங்குதுங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க." எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான். ஒன்பது படம் பாக்கி. ஒரே மன்னருக்கு இரண்டு விதமான கை இருக்கலாமா?

அன்று விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. வீட்டில் சோப்புப் போட்டுக் கழற்றி மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். அவன் போனதும், மோதிரம் என் அறையில் இல்லை என்று அரண்மனைக்கு எழுதினேன். அதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? அரச மோதிரம் கையுறைக்காரன் விரலில் இருந்தால் என்ன தண்டனை என்பது உங்களுக்கே தெரியும். நான்தான் போட்டுக்கொண்டு போகச் சொன்னேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். என்னைக் கேட்டார்கள். ஞாபகமில்லை என்றேன். வேலை மும்முரத்தில் எத்தனையோ மறக்கும்.

தூக்கில் தொங்கியவர்களின் உடல் அறுவைக் கூடத்துக்குத்தானே போகும். அங்கிருக்கும் பேராசிரியர் ஹென்னிங் என் நண்பர். இரத்தக் குழாய்களில் சிவப்பு மெழுகு ஏற்றி, உறுப்புகளை உயிருள்ளவை போலவே வைத்திருப்பார். விஞ்ஞானம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று பெருமையாக இருந்தது. வலது கையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நடுக்கம் அடியோடு நின்றிருந்தது. அதை வைத்து எட்டுப் படம் வரைந்தேன். மன்னர் பார்த்துவிட்டு, கையில் உயிர் இருக்கிறது என்று பாராட்டினார்.

ஆர்ஹூஸ் நகர மன்றத்தில் அதில் ஒன்றைத் திறந்துவைத்தபோது எல்லோரும் மண்டியிட்டார்கள். அங்கே தனியாகக் குடிபோயிருந்த கிர்ஸ்டின் மட்டும் நின்றுகொண்டிருந்தாளாம்.

"இது ராஜா கை இல்ல. எம் புருஷன் கை."

அந்தச் சுண்டுவிரல்தான் காட்டிக்கொடுத்துவிட்டது. நேராக்கியிருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்ததை மாற்றி வரைந்து எனக்குப் பழக்கமில்லை.

ஆமாம், அவனைத் தூக்குக்கு அனுப்பியது நான்தான். கைக்காகத்தான். எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கையைப் புதைக்க வேண்டும், கொடுங்கள் என்று கிர்ஸ்டின் அழுகிறாள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் ஒரு படம் பாக்கி, அதுவரை கை என்னிடமே இருக்கட்டும். அவனுக்கு இதில் சம்மதமே இல்லை என்று அவள் சொல்வதை நம்பாதீர்கள். சம்மதமில்லை என்றால், இந்த எட்டுப் படத்தில் ஒருமுறையாவது கையை இழுத்துக்கொண்டிருப்பானே.