யானைக் கொட்டாரத்துக் கூரை

முட்டுக் குடுத்திருந்த கட்டையப் புடுங்கிட்டுப் போனான் பாருங்க, அவன் மனுசனே இல்லை சார். நீங்க மூஞ்சியச் சுளிச்சாலும் சொல்லத்தான் செய்வேன். உங்க தொல்லியல் ஆபீசு பெரிய அதிகாரிதான், தெரியும். அதுக்காக? கூரை விழுகுதேன்னு நாலு தைலமரக் கட்டைய நட்டு வெச்சோம். பழமையான தளம், குழி தோண்டப்படாதுன்னு லாரியில ஆளக் கொண்டாந்து அள்ளிட்டுப் போயிட்டான். கேட்டா சட்டமாம்.

நீங்க அளவெடுக்க வந்தவரு, உங்க மேல எனக்கென்ன கோவம். உக்காருங்க. ஸ்டூலு ஆடாது. இந்தாக் கட்டில்ல கெடக்குறது எங்க வீட்டுக்காரரு, கண்ணுசாமி. எந்திரிச்சுக் கும்புடலைன்னு நெனைக்காதீங்க, பக்கவாதம். மூடை தூக்குன மனுசன், மூடை மாதிரியே விழுந்துட்டாரு. நாம பேசுறதெல்லாம் கேக்கும். வாயிதான் வராது.

அடியே அழகி, சாருக்கு டீ என்னாச்சு? சக்கரை கம்மியாப் போடு! என்ன சார், சுகரெல்லாம் இல்லையா? அப்ப நல்லா அள்ளிப் போடுடி, சின்னப் புள்ளைதான்!

அண்ணாந்து பாருங்க. எம்புட்டு ஒசரம்! ராசா காலத்துல யானை கட்டுன எடம். தூணுல வளையம் தொங்குதுல்ல, அதுலதான் சங்கிலி மாட்டுவாகளாம். நாங்க கொடி கட்டித் துணி காயப்போடுறோம். யானை போனதும் நெல்லு அடைச்சாக. நெல்லு போனதும் எங்க மாமனார் மாதிரி கூலிக்காரவுகளைக் குடிவெச்சாக. நடுவுல தகரத்தைத் தடுத்து இப்ப ஏழு குடும்பம். வாரவன் பூராம் போட்டோ எடுக்குறான். ஒரு வெள்ளைக்காரம்மா செவுத்தத் தடவித் தடவி அழுதுச்சு. நானும் பக்கத்துல நின்னு அழுதேன். அது வேற அழுகை.

தெருவைப் பாத்துட்டுத்தானே வந்தீக? அரிசி மில்லு மூடுனதோட செத்துப் போச்சு. கடைக எல்லாம் பூட்டிக் கெடக்கு, சாக்கடை மட்டும் லீவு போடாம ஓடுது. ஆட்டோக்காரன் முக்குலயே எறக்கி விட்டுர்றான். கொட்டாரத் தெருன்னா பொண்ணு எடுக்க மாட்டேங்கிறாக.

பாத்தீங்களா, நீங்களும் அதையேதான் கேக்குறீங்க. காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானேன்னு.

நான் யாருன்னு தெரியுமா? ஜெகதாப்பட்டினத்துல ஏலத்துல நின்னு மீன் எடுக்குறவ. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்குனதில்லை. ஆம்பளைக கூட்டத்துல தொண்டையக் குடுத்துத்தான் மேல வந்தேன். எந்த வெலையையும் பேசி முடிச்சுருவேன். ஒரு வாடகை வீட்டை மட்டும் முடிக்க முடியலை சார். திருக்கோகர்ணத்துல ஒரு வீடு அமைஞ்சுச்சு. மீன் வாடை கூடப் பரவாயில்லைன்னுட்டாரு, தங்கமான மனுசன். வீட்டுல யாரு யாரு இருக்கீகன்னாரு. படுத்த படுக்கையா இவரு இருக்காருன்னேன். நீட்டுன சாவி அப்படியே மடிக்குள்ள போயிருச்சு. குடிவந்த வீட்டுல சாவு விழுந்தா அப்புறம் யாரு வருவா, நாள் சரியில்லைன்னா ஆறு மாசம் வீட்டை அடைக்கணுமேங்கிறாரு. அண்ணே, நல்ல நச்சத்திரமாப் பாத்துச் சாகச் சொல்றேன்னேன். அவரு சிரிக்கலை. அதுக்குப் பொறகு எத்தனையோ வாசல் ஏறி எறங்கிட்டேன். எல்லா வாசல்லயும் அதே பதிலுதான். சில பேரு காப்பி குடுத்துச் சொன்னாக.

கட்டிலைத் தள்ளிப் போடலாமேங்கிறீங்களா? எங்கிட்டுத் தள்ள? அங்கிட்டு தகரத்தை ஒட்டி பக்கத்து வீட்டு அழகி அடுப்பு, இங்கிட்டு செவுரு. மேல கூரையில விரிசலு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடுது. போன மழைக்கு வெரலு போற அகலம், இப்ப கையே போகும். அன்னைக்கு ஒரு பெரிய காரை பேந்து இவரு கால்மாட்டுல விழுந்துச்சு. நகர முடியாது, கத்த முடியாது. பாத்துக்கிட்டே கெடந்திருக்காரு. நான் கூடையோட உள்ள வாரேன், மூஞ்சி பூராம் சுண்ணாம்பு. அதுல ரெண்டு கண்ணுல இருந்தும் ரெண்டு கோடு மட்டும் எறங்கியிருக்கு.

அன்னைக்குத்தான் சார் தெருவே சேந்து அந்தக் கட்டைய நட்டுச்சு. இடிக்கவும் கூடாது, பூசவும் கூடாது, முட்டும் குடுக்கக் கூடாதுங்கிறீக. விழுகுறதுக்கு மட்டும் உங்ககிட்ட அனுமதி வாங்க வேணாம் போல.

என்ன சத்தமா? இடியில்லை, பயப்படாதீங்க. கதவு. யானை போன கதவுல்ல, நாலு ஆம்பளை சேந்து தள்ளுனாத்தான் நகரும். நீங்க டீயக் கையில வாங்குனதும் சாத்தச் சொல்லியிருந்தேன், இப்பத்தான் சாத்துறானுக.

ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க தம்பி. ஒருத்தரும் உங்க மேல கை வெக்க மாட்டாக. சங்கரா மீன் கொழம்பு வெச்சிருக்கேன், சாப்புடலாம். வெலை முடியாம ஆளை விடுறது என் தொழில்ல கெடையாது, அம்புட்டுத்தான்.

போனையெல்லாம் புடுங்க மாட்டேன், நீங்களே வெச்சுக்கங்க. அது வேணும். பேசணும்ல? ஐப்பசி மேகம் எறங்கிருச்சு, வெரசாப் போனைப் போடுங்க அந்தப் பெரிய அதிகாரிக்கு. கண்ணுசாமி கட்டிலுக்குப் பக்கத்துல, விரிசலுக்கு நேர் கீழ உக்காந்திருக்கேன்னு சொல்லுங்க. நாங்க சொன்னா அதெல்லாம் விழுகாதும்மாங்கிறான். உங்களுக்குன்னா பதறுவான்ல? லாரிய எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. அள்ளிட்டுப் போன கட்டை நாலையும் கொண்டாந்து, புடுங்குன குழியிலயே, ஆளு வெச்சில்லை, அவன் கையாலயே நடச் சொல்லுங்க. நட்டுட்டு உங்களைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.