கோவிந்தசாமி வெட்ட வந்த கரும்பு

ஓடுகிறேன். தோளில் கோவிந்தசாமி. அவர் ரத்தம் என் முதுகில் சூடாக வழிகிறது. கரும்புச் சோகை முகத்தைக் கிழிக்கிறது. இடது காதில் விசில் மட்டும். பொங்கல் முடிந்த வாரம். வெயில் ஏறும் நேரம். பாகூருக்குத் தெற்கே, எங்கள் கரும்புக் கொல்லை.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரத்துணியைக் கல்லில் ஓங்கி அடித்த மாதிரி ஒரு 'தப்'. அப்புறம் மண் மழை. நாட்டு வெடிகுண்டு. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் எல்லோருக்கும் தெரியும்.

கோவிந்தசாமி யார் என்று சொல்ல வேண்டும். என் அண்ணன் செல்வத்தைக் கொன்ற ஏழுமலையின் அப்பா.

இரண்டு தெருவுக்கும் சண்டை. திருவிழாவில் பேனர் கட்டியதில் ஆரம்பம். செல்வம் ஏழுமலையின் கையை ஒடித்தான். ஏழுமலை செல்வத்தின் மேல் குண்டு வீசினான். சிறைக்குப் போனான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். போர்வெல் லாரியில் ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றிக்கொண்டிருந்தேன். சாவுக்கு வந்தேன். லாரி நான் இல்லாமல் போய்விட்டது.

கருமாதிக்குப் பிறகு இரண்டு தெருவும் கோயிலில் உட்கார்ந்தன. அண்ணி ஒன்றுதான் கேட்டாள்.

"எங்க வூட்டு ஆம்பள போட்ட கரும்ப யாரு வெட்டுவா?"

கோவிந்தசாமி எழுந்தார். "நான் வெட்டறேம்மா."

இருக்கிற குண்டுகளை ஏரியில் போட்டுவிட்டோம் என்று இரண்டு தெருப் பையன்களும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். என் தம்பி குமாரும் அடித்தான்.

சொன்னபடி கோவிந்தசாமி கத்தியோடு வந்தார். நானும் கூட இறங்கினேன். அண்ணி முதலில் அவர் முகம் பார்க்கவில்லை. தண்ணீர்க் குடத்தை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் என்னைத்தான் வம்புக்கு இழுப்பார். "இன்னாடா, கத்திய சீப்பு மாரி புடிக்கிற? கரும்புக்குத் தல வாரி வுடறியா?" ஒருநாள் அண்ணி சிரித்துவிட்டாள். செல்வம் செத்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

குண்டு வெடித்த அன்று காலை அவளே அவரிடம் பேசினாள். "வெயிலு ஏறுது. அந்தாண்ட வேப்பமரத்து நெழலு கீது. அங்கேந்து வெட்டுங்க."

அவர் அந்தப் பக்கம் போனார். டீ வாங்கி வந்த குமார் தூரத்திலேயே பார்த்துவிட்டான். டீயைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"யோவ் பெருசு! அங்க வெட்டாத! இப்பால வா! வந்துடுய்யா!"

கோவிந்தசாமி நிமிர்ந்தார். "இன்னாடா, பாம்பா?"

கத்தியைத் திருப்பித் தரையில் ஓங்கித் தட்டினார். பாம்பை விரட்டத்தான்.

ரோட்டுக்கு வருகிறேன். ஒரு டாட்டா ஏஸ் நிற்கிறது. ஏற்றுகிறோம். அவர் உதடு அசைகிறது. எனக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அசைவு நின்றது.

குமார் இரண்டு குண்டுகளை வேப்பமரத்தடியில் புதைத்து வைத்திருந்தான். "அவனுங்க ஏரியில போட்ருக்கமாட்டானுங்கன்னு நெனச்சேண்ணா" என்றான். அவன் நினைத்தது சரி. அது அன்று சாயங்காலமே தெரிந்தது.

கரும்பு வெட்டக் கூப்பிட்டு வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று அந்தத் தெருவில் பேச்சு. அந்த இடத்தைக் காட்டியது அண்ணி என்பதும் தெரிந்துவிட்டது. "நான் வெச்சதுன்னு நானே போயி சொல்றேன்" என்றான் குமார். "போவாதடா!" என்று கத்தினேன். போனான். இடுப்பில் ஒன்றும் இல்லை என்று காட்டச் சட்டையைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனான். தெரு முனையைத் தாண்டவில்லை. தப். இன்னொரு தப்.

போனவர்களை எண்ணுகிறேன். செல்வம். கோவிந்தசாமி. குமார். என் இடது காது. ஒரு கொல்லைக் கரும்பு; கூலிக்குக்கூட யாரும் இறங்கவில்லை, பூத்துக் காய்ந்தது. கோவிந்தசாமி வீட்டில் ஏழுமலையின் அம்மா மட்டும் இருக்கிறாள். குமாரைக் கொன்றவர்கள் சிறையில். ஏழுமலைக்கு ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார்கள்.

நேற்று எங்கள் தெருப் பையன்கள் வந்தார்கள். கொல்லையில் ஒரு பொருளைப் புதைத்து வைக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அண்ணி உள்ளே போய் மண்வெட்டியை எடுத்து வந்து கொடுத்தாள்.